அக்காவின் கொதிகலனுக்கு வராத அனுமதி

1

போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. எங்கள் ஊர் என்று நான் இப்போது எழுதுவது டென்மார்க்கில், ஜட்லாந்துப் பக்கம், கோதுமை வயல்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு சின்ன ஊரை. இங்கே வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டிக் குளிர் காய்வதில்லை. ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே கொதிகலன். அதில் வைக்கோலை எரித்து வெந்நீர் காய்ச்சி, பூமிக்கு அடியில் குழாய் போட்டு வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அந்த நிலையத்தில்தான் எனக்கு வேலை. அறுவடை முடிந்ததும் டிராக்டரில் வந்து இறங்கும் வைக்கோல் கட்டுகளைக் கிரேனில் தூக்கிக் கொதிகலனின் வாய்க்குக் கொடுக்க வேண்டும்.

அந்த நிலையத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாவதாக ஒரு கொதிகலன் வைக்க நகராட்சியிடம் அனுமதி கேட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கத்தான் அந்தக் கூட்டம். காபியும் கேக்கும் கொடுத்தார்கள். வரைபடங்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். புகைபோக்கியின் உயரம், சாம்பல் எங்கே போகும், லாரிகள் எந்தத் தெரு வழியாக வரும், எல்லாவற்றுக்கும் படம் இருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பௌல், ஓய்வுபெற்ற தச்சர், நல்ல மனிதர். காபிக் கோப்பையோடு என் அருகில் வந்து நின்று சுவரைக் காட்டினார்.

"இதற்கெல்லாம் எவ்வளவு விதிமுறை பார். உங்கள் நாட்டில் இந்தத் தொல்லை இருக்காது, இல்லையா? வாங்கினோமா, வைத்தோமா என்று இருக்கும்."

"நிறையவே இருந்தது" என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அவருக்குச் சொல்லி விளங்கவைக்க என்னிடம் அவருடைய மொழி போதாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எண்பதுகளின் தொடக்கத்தில் குரோம்பேட்டையிலிருந்து திருநீர்மலைக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்களுக்கு ஒரு மனை இருந்தது. அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றபோது வாங்கிப் போட்டது. அவர் போன பிறகு என் அக்கா ரெஜினா அதில் கொட்டகை போட்டு ஒரு சலவைக்கூடம் நடத்தினாள். அவள் முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவில் வேலை பார்த்தவள். அந்தப் பழக்கத்தில் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை இருந்த நர்சிங் ஹோம்களின் படுக்கை விரிப்புகளும் ஆபரேஷன் துணிகளும் அவளிடம் வந்தன. ஏழெட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "இத்தனை பெட்ஷீட்டை யாருடா மடிப்பா?" என்பாள்.

ஆஸ்பத்திரித் துணியைச் சும்மா துவைத்துப் போட முடியாது. வேக வைக்க வேண்டும். திறந்த அடுப்பில் பெரிய அண்டாக்களை ஏற்றி, சலவைச் சோடாவைக் கொட்டி, சவுக்கு விறகில் காய்ச்சினார்கள். ஒரு நாள் அடுப்புக் கல் ஒன்று பிளந்து அண்டா சாய்ந்துவிட்டது. கஸ்தூரி என்ற பெண் பக்கத்தில் நின்றிருந்தாள். இடுப்புக்குக் கீழே கொதிக்கிற சோடாத் தண்ணீர். உயிர் பிழைத்தாள். ஆனால் ஒரு கால் அதற்குப் பிறகு நேராக ஊன்றவில்லை.

அவளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்றே அக்கா சொன்னாள்: "இனிமே நம்ம கொட்டாயில தொறந்த அடுப்பு கூடாது. பாய்லர் வாங்கப் போறேன். ஆவி குழாயில வரட்டும், மூடின டிரம்முல துணி வேகட்டும். யாரு மேலயும் கொட்டாது."

மூடிப்போன ஒரு சாயப் பட்டறையிலிருந்து ஒரு சிறிய கொதிகலனை வாங்கினோம். குன்றத்தூர்ப் பக்கம் அரிசி ஆலைகளில் உமி மலைபோலக் குவிந்து கிடந்த காலம். அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று இருந்தார்கள். உமி எரிக்கிற மாதிரி அடுப்பை மாற்றி அமைத்தோம். நான் ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர். இதற்காகவே கொதிகலன் இயக்குநர் பரீட்சை எழுதி இரண்டாம் வகுப்புச் சான்றிதழும் வாங்கினேன். லாரியில் வந்து இறங்கிய கொதிகலனுக்கு அக்கா மாலை போட்டாள். பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அடுத்த மாதம் பற்றவைத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

3

முதலில் பஞ்சாயத்துக்குப் போனோம். இயந்திரம் வைக்க அவர்கள் உரிமம் தர வேண்டும். "தந்துடலாம்மா. நகரமைப்பு ஆபீஸ்ல திட்ட அனுமதி வாங்கியாந்துடுங்க, அடுத்த கூட்டத்துலயே வச்சுடறேன்" என்றார் தலைவர். மரியாதையாகத்தான் பேசினார்.

நகரமைப்பு அலுவலகம் பட்டணத்தில் இருந்தது. அங்கே எங்கள் மனை வரைபடத்தில் பச்சை நிறத்தில் இருந்தது. பச்சை என்றால் விவசாய நிலம். "தொழில் வைக்கணும்னா நிறம் மாறணும். மாறணும்னா புகைக்கு ஆட்சேபம் இல்லன்னு புதுசா வந்திருக்கற மாசு ஆபீஸ்ல குடுக்கணும்" என்றார்கள்.

புகைக்கும் கழிவுநீருக்கும் என்று அப்போதுதான் ஒரு புது அலுவலகம் திறந்திருந்தார்கள். மேசைகளில் வார்னிஷ் வாசனைகூடப் போகவில்லை. அங்கிருந்த எழுத்தர் எங்கள் விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போனார்.

"உமியா? இதுல நிலக்கரி, எண்ணெய், விறகு மூணுதாம்மா இருக்கு. உமிய எதுல சேர்க்கறது?"

"விறகுன்னு போட்டுக்குங்க சார்" என்றாள் அக்கா.

"போட்டா பொய்யாயிடும்மா. நாளைக்கு யாராவது வந்து பார்த்தா நீங்கதான் மாட்டிப்பீங்க. மேல எழுதிக் கேக்கறேன்."

மேலே எழுதிக் கேட்டார். உமி எந்த வகை என்று முடிவாக ஒரு மழைக்காலம் போனது. முடிவானதும், "புகைபோக்கி படத்துல நகரமைப்பு ஆபீஸ் முத்திரை வேணும்" என்றார்கள். அந்த முத்திரையைத்தானே நாங்கள் இவர்கள் காகிதத்தை வைத்து வாங்க வேண்டும் என்று அக்கா விளக்கினாள். எழுத்தர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது கரெக்ட்மா. ஆனா ரூல் அப்படி இருக்கு" என்றார்.

அந்த வாக்கியத்தைச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு நினைவில்லை. யாரும் எங்களைத் திட்டவில்லை. யாரும் விரட்டவில்லை. உட்கார நாற்காலி கொடுத்தார்கள். சிலர் டீ வாங்கிக்கொடுத்தார்கள், சிலர் எங்கள் செலவில் குடித்தார்கள். ஒரு ஃபைல் மாடிக்குப் போய் வருவதற்குள் அதை அனுப்பியவருக்கு மாற்றல் வந்துவிடும். புதிதாக வந்தவருக்கு உமி என்றால் என்ன என்பதிலிருந்து நாங்கள் மறுபடி ஆரம்பிப்போம். லஞ்சம் கேட்டிருந்தால்கூட அக்கா நகையை விற்றாவது கொடுத்திருப்பாள். இதைப் பெருமையாக எழுதவில்லை. வாங்கிக்கொண்டு செய்து கொடுக்கவும் அங்கே யாரும் இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

ஒரே ஒரு அலுவலகம் மட்டும் நேரத்துக்கு வேலை செய்தது. கொதிகலன் ஆய்வாளர் வருடா வருடம் தவறாமல் வந்தார். கலத்தில் தண்ணீர் நிரப்பி, பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று சுற்றி வந்து பார்த்தார். கதவைத் திறந்து உள்ளே விளக்கடித்தார். "இவ்ளோ சுத்தமான பாய்லரை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லம்மா" என்றார். பற்றவைத்தால்தானே கரி பிடிக்கும்? ஓராண்டுக்கு இயக்கலாம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவார். இயக்குவதற்கு அனுமதி இல்லாத கொதிகலன், இயங்கத் தகுதியானது என்று ஆண்டுதோறும் தேறிக்கொண்டிருந்தது.

கஸ்தூரி ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பி, மடிக்கிற இடத்தில் உட்கார்ந்தாள். தார்ப்பாய் போட்டு மூடியிருந்த கொதிகலனைப் பார்த்து, "இது இன்னாக்கா, புது மாப்பிள்ள கணக்கா சும்மாவே குந்திகினு கீது? எப்பதான் வேலைக்குப் போவும்?" என்பாள். பெண்கள் சிரிப்பார்கள். பக்கத்தில் அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருக்கும். வேறு வழியில்லாமல் திறந்த அடுப்பையே திரும்ப மூட்டியிருந்தோம். துணியைக் கிண்டும் வேலையை அக்கா வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அவளே நின்று கிண்டினாள்.

4

டென்மார்க்குக்கு நான் வந்தது என் மனைவி வழியாக. எண்பத்து மூன்றுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்த குடும்பம் அவளுடையது. ஒரே கோவில், ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு, அப்படியே கல்யாணம். அவளுடைய அண்ணன்மார் முன்பே இங்கே வந்துவிட்டிருந்தார்கள்.

இங்கே வந்ததும் என் கொதிகலன் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நீட்டினேன். அந்த அம்மா அதை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அழகான முத்திரை என்று பாராட்டினார். இது இங்கே செல்லாது என்றார். நிலையத்தில் வைக்கோல் தூசு பெருக்கும் வேலையில் சேர்ந்தேன். கிரேனில் ஏற எனக்குப் பல வருடங்களாயின.

மகள் ஷாலினிக்கு இப்போது பதின்மூன்று வயது. தமிழ் புரியும், பதில் டேனிஷில் வரும். வீட்டில் அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழும் என் தாம்பரத்துத் தமிழும் மோதிக்கொள்வதில் இரண்டுமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள் போலும்.

கூட்டத்துக்கு அவளும் வந்திருந்தாள். பலரும் பேசினார்கள். சிலர் புகையைக் குறை சொன்னார்கள். வைக்கோல் லாரிகள் மழலையர் பள்ளியின் வாசல் வழியாகப் போகும், அது ஆபத்து என்று ஓர் இளம் தாய் அழுத்தமாகச் சொன்னாள். நிலையத்தின் சார்பில் யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எழுந்தேன். வைக்கோல் ஈரமாக இருந்தால்தான் புகை வரும், நாங்கள் நன்றாகக் காய்ந்த வைக்கோலைத்தான் எரிக்கிறோம் என்று சொல்ல வந்தேன். அவர்கள் மொழியில் வைக்கோலுக்கும் தலைக்கவசத்துக்கும் ஓசையில் கொஞ்சம்தான் வித்தியாசம். நன்றாகக் காய்ந்த தலைக்கவசங்களைத்தான் எரிக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். மண்டபமே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை, அன்பாகத்தான் சிரித்தார்கள். அதுதான் இன்னும் எரிச்சல். ஷாலினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன் நீங்கள் தேவையில்லாமல் எழும்பி நிண்டனீங்கள்?" என்றாள் மனைவி திரும்பி வரும்போது. மகள் எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்து போனாள். அவளுடைய சிநேகிதிகளும் அந்த மண்டபத்தில் இருந்திருக்கிறார்கள்.

5

அனுமதிக்காக அலைந்த வருடங்களில் எங்கள் மனையைச் சுற்றி ஊர் முளைத்துவிட்டது. வயல்கள் மனைகளாயின. தொடக்கத்தில் நாலைந்து வீடுகள்தான். அதில் ஒருவர் சம்பந்தம் சார், செயலகத்தில் பெரிய எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கொதிகலனுக்கு ஆட்சேபம் இல்லை என்று முதலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பிறகு தெருக்கள் வந்தன, விளக்குகள் வந்தன, குடியிருப்போர் நலச் சங்கம் வந்தது. சங்கத்துக்கு அவரே தலைவர். கொதிகலன் கூடாது என்ற மனுவிலும் முதல் கையெழுத்து அவருடையது.

நானும் அக்காவும் அவர் வீட்டுக்குப் போனோம். எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"அம்மா, நான் கையெழுத்துப் போட்டப்போ என் வீட்டுல நானும் என் சம்சாரமும்தான். இப்போ பேத்தி கூட இருக்கா. ராத்திரியானா அவளுக்கு இழுப்பு. உமிப் புகை அவளுக்கு ஆகுமா, நீங்களே சொல்லுங்க."

அக்கா மோரைக் குடித்துவிட்டு எழுந்தாள். வெளியே வந்ததும், "அவர் சொல்றதும் நியாயந்தாண்டா" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா மொதல்லயே குடுத்திருந்தா, இங்க பாய்லர் ஓடுதுன்னு தெரிஞ்சு வேணும்கிறவங்க வந்திருப்பாங்க, வேணாம்கிறவங்க வேற எடம் பார்த்திருப்பாங்க இல்ல?" என்றாள்.

நகரமைப்பு வரைபடத்தில் எங்கள் மனையின் நிறம் கடைசியில் மாறியது. பச்சையிலிருந்து மஞ்சளுக்கு. மஞ்சள் என்றால் குடியிருப்பு.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி, ஆவியில் வேகவைத்த துணிதான் வேண்டும், முடியுமா என்று கேட்டது. முடியாது என்றால் இருக்கிற நர்சிங் ஹோம்களும் ஒவ்வொன்றாகப் போய்விடும் நிலை. அக்கா இரண்டு நாள் கணக்கு நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டாள்.

"அனுமதி?" என்றேன்.

"அது வரும்போது வரட்டும். நீ பத்த வைடா."

வைத்தேன். அழுத்தமானியின் முள் எழுந்து ஏறியபோது பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். குழாயில் ஆவி ஓடி டிரம் உறுமியது. கஸ்தூரி ஊன்றுகோலோடு வந்து டிரம்மின் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள வேவுது, வெளிய ஒரு சொட்டு இல்ல" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்றே அக்கா அண்டாக்களைக் கவிழ்த்துப் போட்டாள். ஒரு கோடை முழுக்க ஓட்டினோம். உமி காய்ந்து இருந்தால் புகை அதிகமில்லை. சம்பந்தம் சார் வீட்டுப் பக்கம் காற்றடிக்கும் நாளில் அடுப்பைத் தணித்தே வைத்தோம். பேத்திக்கு எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்டு அனுப்புவாள்.

மழை தொடங்கும் முன் வந்தார்கள். இரண்டு அதிகாரிகள், ஒரு போலீஸ்காரர். வால்வில் கம்பி சுற்றி ஈய முத்திரை அடித்தார்கள். அவர்களில் இளையவர் நல்ல மாதிரி. அக்கா அழாமல் நின்றதைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. சுவரோரம் கவிழ்ந்து கிடந்த அண்டாக்களைக் காட்டினார்.

"ஏம்மா கவலைப்படறீங்க? அதுல காய்ச்சிக்குங்க. அதுக்கு லைசென்ஸே வேணாம். அது குடிசைத் தொழில் கணக்குல வரும்."

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு கஸ்தூரியைக் கூப்பிட்டாள். "இங்க வா. உன் காலை சாருக்குக் காட்டு" என்றாள். கஸ்தூரி புடவையைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள். அந்த இளைஞர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்திரை வைத்தது வைத்ததுதான்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட், "யாரைக் கேட்டுப் பற்ற வைத்தீர்கள்?" என்றார்.

"எல்லாரையும் கேட்டேன் ஐயா" என்றாள் அக்கா. கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். அபராதம் போட்டார்கள்.

திறந்த அடுப்புக்கு அவள் திரும்பவில்லை. நர்சிங் ஹோம் துணிகளை வாங்குவதை நிறுத்தினாள். பெண்களுக்கு வேறு வேலை தேடிக் கொடுத்தாள். கஸ்தூரிக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவள் ரயில் நிலைய வாசலில் பூ விற்றதாகக் கேள்விப்பட்டேன். மனையை விற்றோம். வாங்கியவர் கல்யாண மண்டபம் கட்டினார். ஜெனரேட்டர் வைத்திருக்கிறார், டீசல் புகை முகூர்த்த நாட்களில் தெரு முழுக்க நிற்கிறதாம். கொதிகலனைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். நல்ல இரும்பு. கேஸ் கட்டர் வைத்து வெட்டியும் ஒரு வாரம் பிடித்தது. அந்த வருடத்துச் சான்றிதழ் முடிய இன்னும் நாள் இருந்தது.

அது முடிந்த சில மாதங்களில் நான் விமானம் ஏறினேன்.

6

நகராட்சியின் முடிவு போன வாரம் வந்தது. அனுமதி இல்லை. நிலையத்தில் எல்லோருக்கும் முகம் தொங்கிப்போனது. மேலாளர் மேசையைக் குத்தினார். இந்த நாட்டில் எதையும் செய்யவிட மாட்டார்கள், அதிகாரிகள் ராஜ்யம் என்று பௌல்கூடத் திட்டினார். நானும் சேர்ந்து தலையை ஆட்டினேன். சேர்ந்து ஆட்டாவிட்டால் அந்நியனாகிவிடுவோமே.

ஞாயிறு காலை அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அவள் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் துணிப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறாள். எந்த வேலையிலிருந்து புறப்பட்டாளோ அதே மாதிரி வேலைக்கே திரும்பிவிட்டாள். ஃபோன் இருப்பது கீழ்வீட்டில், அவர்கள் கூப்பிட்டால் மாடியிலிருந்து இறங்கி வந்து பேசுவாள். முட்டிவலி, மூச்சு வாங்கும்.

"பாய்லருக்குக் கேட்டிருந்தாங்களே, என்னாச்சுடா?" என்றாள். முன்பு ஒரு முறை சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. கொதிகலன் பற்றி எது சொன்னாலும் அவள் மறப்பதில்லை.

"தரலக்கா."

"எப்போ மனு குடுத்தாங்க?"

"பனி கரையிற சமயத்துல. இப்போ இலை கொட்டுது."

"தரலன்னா, இன்னும் பார்த்துக்கினு இருக்காங்களா?"

"இல்லக்கா. வேணாம்னே எழுதிக் குடுத்துட்டாங்க. இந்த எடத்துல குழந்தைங்க நடமாட்டம் இருக்கு, கூடாதுன்னு காரணம் போட்டிருக்காங்க. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் எடம் காட்டி, அங்கன்னா தர்றோம்னு சொல்லியிருக்காங்க. எங்க ஆளுங்க எல்லாம் ஒரே கோவத்துல கீறாங்க."

பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"எழுத்துல குடுத்தாங்களா?"

"ஆமாக்கா."

"கூடாதுன்னு?"

"ஆமா."

"என் கையில அப்படி ஒரு பேப்பரை அன்னிக்கே குடுத்திருந்தா" என்றாள் அக்கா, "பாய்லரை லாரியில ஏத்திக்கினு கேளம்பாக்கம் பக்கம் போயிருப்பேனேடா. அப்போ அங்க ஈ காக்கா கிடையாது."